வேலிக்கு ஓணான் சாட்சி

பேரு, பிறந்த தேதி, ஈமெயில், செல் நம்பர் எல்லாத்தையும் பொறுமையா அடிச்சு முடிச்சு "சமர்ப்பி" பொத்தானை அமுக்கினா, மேலே சிவப்பு எழுத்துல ஒரு வரி வரும்: "சரியான பெயரை உள்ளிடவும்". அடப்பாவிகளா, அப்பா அம்மா வெச்ச பேருங்க அது! இதுக்கு மேல சரியான பேருக்கு எங்கே போறது?

இந்தச் சிவப்பு எழுத்து எங்கேருந்து வந்தது, யாருக்காக வந்தது, அது உண்மையில் யாரைத் தடுக்கிறது, யாரைத் தடுக்காமல் விடுகிறது என்பதுதான் இன்றைய பதிவு. பொட்டி தட்டுற ஜனங்களுக்கு மட்டுமில்லை, படிவம் நிரப்புகிற எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட சரித்திரம். கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல, இது இணையத்தோட பிறந்த வியாதி இல்லை. துளை அட்டைக் காலத்திலேயே ஐ.பி.எம். "வெரிஃபையர்" என்று தனியா ஒரு இயந்திரம் விற்றது. ஒருத்தர் அட்டையில் துளை போடுவார். இன்னொருத்தர் அதே தாளைப் பார்த்து அதே விவரத்தை மறுபடி தட்டுவார். ரெண்டும் ஒத்துப்போனால் அட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். பாஸ்வேர்டை ரெண்டு தடவை அடிக்கச் சொல்றாங்களே, அதுக்குத் தாத்தா இவர்தான்.

ரெண்டாவது தாத்தா ஹான்ஸ் பீட்டர் லூன். இவரும் ஐ.பி.எம். ஆசாமி. 1954-ல் விண்ணப்பித்து 1960-ல் காப்புரிமை வாங்கினார். ஒரு எண்ணின் கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டால் வருகிற மாதிரி அமைத்துவிட்டால், கை தவறி அடித்ததை உடனே கண்டுபிடிக்கலாம். உங்க கிரெடிட் கார்டில் இன்னிக்கும் இருப்பது இந்தக் கணக்குதான். இதில் ஒரு சின்ன ஓட்டை உண்டு: 09 என்பதை 90 என்று மாற்றி அடித்தால் லூன் கணக்குக்குத் தெரியாது. 1969-ல் நெதர்லாந்துக்காரர் வெர்ஹூஃப் அந்த ஓட்டையையும் அடைத்தார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் அவர் கணக்கு எப்பவுமே பிடித்துவிடும். நம்ம ஆதாரின் 12-வது இலக்கம் வெர்ஹூஃப் கணக்கில் வருவதுதான்.

மூணாவது தாத்தா 1971-ல் வந்த ஐ.பி.எம். 3270 டெர்மினல். திரையில் கட்டம் கட்டமாப் படிவம் வரும். சில கட்டத்தில் கை வைக்கவே முடியாது. "எண் மட்டும்" என்று குறித்த கட்டத்தில் எழுத்தைத் தட்டினால், அந்த வசதி இருந்த விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். எல்லாம் நிரப்பி முடித்ததும் ஒரு பொத்தானை அமுக்கினால் மொத்தமும் மெயின்ஃபிரேமுக்குப் போகும். ஆக, முனையில் ஒரு சோதனை, மையத்தில் ஒரு சோதனை என்ற ஏற்பாடு 1971-லேயே தயார். ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம். அந்த டெர்மினல் வங்கியோட சொத்து, அதைத் தட்டுறவர் வங்கியோட சம்பள ஆள். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

*

1993 இறுதியில் மொசைக் உலாவியில் படிவங்கள் வந்தன. அதே வருஷம் என்.சி.எஸ்.ஏ. ஆட்கள் சி.ஜி.ஐ. என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். படிவத்தில் நிரப்பியதை வழங்கி (அதாங்க, செர்வர்) வாங்கி, ஒரு நிரலிடம் கொடுக்கும். பெரும்பாலும் பெர்ல் மொழியில் எழுதிய நிரல். அது படித்துப் பார்த்து, தப்பிருந்தா "தப்பு"ன்னு ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி அனுப்பும். 1995 நவம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 2.0 தரத்தில் படிவங்கள் அதிகாரபூர்வமாக இடம்பிடித்தன. ஆனால் உலாவி தானாகச் சோதிப்பதற்கு அதில் இருந்தது கிட்டத்தட்ட ஒண்ணே ஒண்ணு: இத்தனை எழுத்துக்கு மேல் அடிக்க விடாதே என்கிற அளவுக் கட்டுப்பாடு.

பிரச்சினை என்னன்னா, வேகம். 14.4 கிலோபிட், 28.8 கிலோபிட் மோடம் காலம் அது. நம்ம ஊர்ல வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-ல்தான் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. ஒரு பின்கோடு விட்டுப்போச்சுன்னு சொல்ல ஒரு முழுப் பக்கம் போய், ஒரு முழுப் பக்கம் வரணும். அதுக்குள்ள ஒரு ஃபில்டர் காபி இறங்கிடும். சில சமயம் நிரப்பினது எல்லாமே அழிஞ்சு வெறும் படிவம் திரும்பி வரும்.

இந்த இடத்தில்தான் ஜாவாஸ்க்ரிப்ட் நுழைகிறது. 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதினார். மோக்கா, லைவ்ஸ்க்ரிப்ட் என்றெல்லாம் பெயர் மாறி, 1995 டிசம்பர் 4-ல் ஜாவாஸ்க்ரிப்ட் என்று அறிவிக்கப்பட்டது. 1996 மார்ச்சில் நெட்ஸ்கேப் 2.0 வெளிவந்ததும், இந்த மொழியை ஜனங்கள் எடுத்துக்கொண்ட முக்கியமான வேலைகளில் ஒன்று படிவச் சரிபார்ப்பு. சமர்ப்பிக்கும் முன்னாடி ஒரு ஃபங்ஷன் ஓடும், பேர் காலியா இருந்தா டமால்னு ஒரு பெட்டி வரும், படிவம் நகராது. செர்வருக்குப் போய்வரும் காத்திருப்பு மிச்சம்.

அந்தக் காலத்து ஈமெயில் சோதனையைப் பார்த்தா சிரிப்பு வரும். உள்ளே @ இருக்கா, அதுக்கப்புறம் ஒரு புள்ளி இருக்கா, அவ்ளோதான். சோம்பேறித்தனம் இல்லை, கருவி இல்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்கிற வடிவச் சோதனை, 1997-ல் நெட்ஸ்கேப் 4-உடன் வந்த ஜாவாஸ்க்ரிப்ட் 1.2-ல்தான் கிடைத்தது. கிடைத்ததும் எல்லாரும் மேதாவி ஆயிட்டாங்க. கடைசிப் பகுதியில் ரெண்டு அல்லது மூணு எழுத்துதான் இருக்கணும்னு விதி எழுதினாங்க. 2001-ல் டாட் இன்ஃபோவும் டாட் மியூசியமும் வந்தபோது, அந்த முகவரிக்காரர்களை ஊரெல்லாம் "சரியான ஈமெயில் தரவும்" என்று விரட்டினார்கள். விதி தப்பு, வாங்கிக் கட்டிக்கிட்டது முகவரிக்காரர்.

*

இப்போ அந்த 3270 வித்தியாசத்துக்கு வருவோம். உலாவி வங்கியோட சொத்து இல்லை. அது உங்க வீட்டில், உங்க கட்டுப்பாட்டில் இருக்கிற பொருள். அதில் ஓடுகிற ஜாவாஸ்க்ரிப்டை நீங்க அணைக்கலாம், பக்கத்தைச் சேமித்து மாற்றலாம், உலாவியே இல்லாமல் ஒரு சின்ன நிரலிலிருந்து நேராக வழங்கிக்குத் தகவலை அனுப்பலாம். உலாவி "நான் சோதிச்சுட்டேங்க, எல்லாம் சரி"ன்னு சொல்றது வேலிக்கு ஓணான் சாட்சி சொல்ற கதைதான். ஆனா "அதான் முன்னாடியே செக் பண்ணியாச்சே"ன்னு வழங்கிச் சோதனையை நிறைய பேர் கைவிட்டார்கள். அதற்கு முன்பே வேறு சிலர், படிவத்திலிருந்து வருவது எல்லாம் தாங்கள் அனுப்பியதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

முதல் உதாரணம், மேட் ரைட் என்பவர் 1995-ல் எழுதி இலவசமாகக் கொடுத்த ஃபார்ம்மெயில். படிவத்தில் நிரப்பியதை ஈமெயிலாக அனுப்பும் குட்டி பெர்ல் நிரல். உலகம் பூரா போட்டுக்கிட்டாங்க. மெயில் யாருக்குப் போகணும் என்பது படிவத்தில் மறைந்திருக்கும் ஒரு கட்டத்தில் இருந்தது. "மறைந்திருக்கும்" என்றால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. ஸ்பேம் ஆசாமிகள் அந்தக் கட்டத்தில் தங்களுக்கு வேண்டிய முகவரிகளைப் போட்டு, அடுத்தவன் வழங்கியிலிருந்து குப்பை மெயிலைக் கொட்டினார்கள். படிவம் நம்ம தளத்திலிருந்துதான் வருதான்னு பார்க்க ஒரு சோதனையும் அதில் இருந்தது. என்ன பிரயோஜனம்? எந்தத் தளத்திலிருந்து வருகிறேன் என்று சொல்வதும் அனுப்புகிறவன்தானே!

ரெண்டாவது இன்னும் ஜோர். 2000 பிப்ரவரியில் ஐ.எஸ்.எஸ். என்ற பாதுகாப்பு நிறுவனம், பதினோரு இணையக் கடை மென்பொருள்களில் ஒரே மாதிரி ஓட்டை இருப்பதாக எச்சரிக்கை வெளியிட்டது. பொருளின் விலையே மறைந்த கட்டத்தில் போய்க்கொண்டிருந்தது! பக்கத்தைச் சேமித்து, விலையை மாற்றி, திருப்பி அனுப்பினால் நீங்க சொன்ன விலைக்கு பில். தி.நகர்ல கூட இப்படிப் பேரம் பேச முடியாது :-)

மூணாவதுதான் பெரிய திருடன். 1998 கிறிஸ்துமஸ் அன்று ஃபிராக் என்ற மின்னிதழின் 54-வது இதழில், ரெயின் ஃபாரஸ்ட் பப்பி என்ற புனைபெயரில் ஜெஃப் ஃபாரிஸ்டல் ஒரு கட்டுரை எழுதினார். படிவத்தில் நிரப்புகிற எழுத்தை அப்படியே டேட்டாபேஸ் கட்டளைக்குள் ஒட்டினால், நிரப்புகிறவர் ஒரு மேற்கோள் குறியைப் போட்டுக் கட்டளையையே நீட்டிவிடலாம் என்று காட்டினார். மைக்ரோசாஃப்டிடம் சொன்னபோது அவர்கள் அதை ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். பிற்பாடு எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்று பேர் வாங்கியது இதுதான். 2009-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கொன்சாலஸ் மேல் 13 கோடி கார்டு எண்களைத் திருடியதாக வழக்குப் பதிவானது. உள்ளே நுழைந்த வழி இதே வழி. 2010-ல் 20 வருஷச் சிறைத் தண்டனை. 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்தில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் போனதும் இப்படித்தான். அடுத்த வருஷம் நாலு லட்சம் பவுண்டு அபராதம் கட்டினார்கள். 2023 மே மாதத்தில் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருள் மூலம் நடந்த பெரிய திருட்டுக்கும் காரணம் அதே ஓட்டை. கட்டுரை வந்து 25 வருஷம் ஆகப்போகிற நேரம்!

*

இதற்கெல்லாம் நம்ம ஆட்கள் என்ன வைத்தியம் பார்த்தாங்க?

பெர்ல் மொழி ரொம்ப முன்னாடியே ஒரு புத்திசாலித்தனம் பண்ணியிருந்தது. வெளியிலிருந்து வந்த எந்தத் தகவலையும் "தீட்டு" என்று குறித்துவைக்கும். சோதித்துச் சுத்தம் பண்ணாமல் அதை ஆபத்தான வேலைக்குப் பயன்படுத்தினால் நிரல் நின்றுவிடும். ஆனா நீங்களா அந்தப் பயன்முறையைப் போட்டுக்கணும். போட்டவங்க கொஞ்சப் பேர்.

பி.எச்.பி. வேறு வழி பிடித்தது. "மேஜிக் கோட்ஸ்" என்று, வருகிற மேற்கோள் குறிக்கெல்லாம் முன்னால் தானாக ஒரு சாய்கோடு போட்டது. விளைவு? ஓ'பிரையன் என்ற அயர்லாந்துக்காரர் பேர் ஊரெல்லாம் சாய்கோட்டோடு அச்சாச்சு. திருத்திச் சேமிக்கச் சேமிக்கக் கோடு குட்டி போட்டது. பாதுகாப்பும் முழுசா இல்லை. 2012-ல் 5.4 பதிப்பில் ஒரேயடியாகத் தூக்கிட்டாங்க.

ஆகாத வார்த்தைகளைப் பட்டியல் போட்டு நீக்குகிற வைத்தியமும் நடந்தது. 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளம், பயனர் எழுதும் பகுதியிலிருந்து "ஜாவாஸ்க்ரிப்ட்" என்ற சொல்லையே நீக்கிக்கொண்டிருந்தது. சமி கம்கார் என்ற இளைஞர் என்ன பண்ணினார்? "ஜாவா"வுக்கும் "ஸ்க்ரிப்ட்"டுக்கும் நடுவில் ஒரு வரி உடைப்பு போட்டார். வடிகட்டிக்குத் தெரியலை, உலாவிகளுக்குப் புரிஞ்சுபோச்சு. 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பேர் அவருக்கு "நண்பர்" ஆனார்கள். கெட்டதை எல்லாம் பட்டியல் போட்டுத் தீராது, எது சரியென்று சொல்லி மற்றதை விடாதே என்ற பாடம் அதில் இருக்கு. 2001-ல் தொடங்கிய ஓவாஸ்ப் அமைப்பு 2003-ல் தன் முதல் "டாப் டென்" பட்டியலைப் போட்டபோது, முதலிடத்தில் இருந்தது சரிபார்க்காத உள்ளீடு.

கட்டுமான ரீதியில் நல்ல வேலை செய்தது 2002-ல் வந்த ஏ.எஸ்.பி. டாட் நெட். காலியா இருக்கக் கூடாது, இந்த வரம்புக்குள் இருக்கணும், இந்த வடிவத்தில் இருக்கணும், அந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகணும் என்று ரெடிமேட் சரிபார்ப்பிகள். ஒரு தடவை பக்கத்தில் வைத்தால், உலாவிக்கு ஜாவாஸ்க்ரிப்டும் போகும், வழங்கியிலும் அதே விதி ஓடும். ரெடிமேடில் அடங்காத விதிக்கு "கஸ்டம் வேலிடேட்டர்". அதற்கு மட்டும் ரெண்டு ஃபங்ஷன் நீங்களே எழுதணும், உலாவிக்கு ஒண்ணு, வழங்கிக்கு ஒண்ணு. வேடிக்கை என்னன்னா, முதல் பதிப்புகளில் உலாவிப் பக்கச் சோதனை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் ஓடியது. மொசில்லாவில் வந்தவர்களுக்கு வழங்கிச் சோதனை மட்டும்தான். அந்த வழங்கிச் சோதனையும் தானாக ஓடுமே தவிர, "பக்கம் சரியா?" என்று நீங்க ஒரு வரி எழுதிக் கேட்கலைன்னா, தப்பான தகவலோடேயே அடுத்த வேலை நடந்துவிடும். ஜாவா உலகத்தில் ஸ்ட்ரட்ஸ் கூட்டத்துக்கு டேவிட் விண்டர்ஃபெல்ட் எழுதிய சரிபார்ப்பி, விதிகளை ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பில் வைத்து ரெண்டு பக்கத்துக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொடுத்தது.

ஏன் இதில் இவ்வளவு மெனக்கெடல் என்றால், ஒரே விதியை ரெண்டு இடத்தில் ரெண்டு மொழியில் எழுதினால் ரெண்டும் கொஞ்ச நாளில் வேறு வேறாகிவிடும். அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிச்ச கதைதான். உலாவி "சரி" என்கும், வழங்கி "தப்பு" என்கும், நடுவில் நீங்க முழிப்பீங்க.

அப்படியும் எல்லா விதியையும் ரெண்டு பக்கமும் வைக்க முடியாது. ஆதார் எண்ணையே எடுத்துக்குவோம். 12 இலக்கமா? உலாவி சொல்லிடும். வெர்ஹூஃப் கணக்கு ஒத்துவருதா? அதையும் உலாவி சொல்லிடும். அப்படி ஒரு எண் நிஜமா இருக்கா, அது இந்த ஆளோடதுதானா? அதை டேட்டாபேஸ் வைத்திருக்கிறவர்தான் சொல்லணும். 2005-ல் ஏஜாக்ஸ் பிரபலமானதும், அடுத்த வருஷம் ஜேக்வெரிக்கு யோர்ன் ஸேஃபெரர் ஒரு சரிபார்ப்பு நீட்சி எழுதியதும், பக்கத்தை விட்டு நகராமலே வழங்கியிடம் கேட்பது சுலபமாச்சு. "இந்தப் பயனர் பெயர் காலியா இருக்கு"ன்னு பச்சை டிக் வரும். ஆனா நீங்க பொத்தானை அமுக்குறதுக்குள்ள இன்னொருத்தர் அதை எடுத்துடலாமே? அதனால் சேமிக்கிற நொடியில் டேட்டாபேஸ் இன்னொரு தடவை பார்த்தே ஆகணும். பச்சை டிக் வெறும் ஆறுதல்.

கடைசியில் உலாவிக்குள்ளேயே விதிகளை வைத்த கதையும் சுவாரசியம். 2003 அக்டோபரில் டபிள்யூ3சி எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற புதுத் தரத்தை வெளியிட்டது. அழகான வடிவமைப்பு, ஆனா பழைய வலைப் பக்கங்களோடு ஒட்டாது. 2004 ஜூனில் சான் ஹோசேயில் நடந்த பட்டறையில், இருக்கிற எச்.டி.எம்.எல்.லையே வளர்க்கலாம் என்று மொசில்லாவும் ஓப்பராவும் கேட்டன. ஓட்டெடுப்பில் ஆதரவு 8, எதிர்ப்பு 14. தோத்தவங்க சும்மா இருக்கலை. ஜூன் 4 அன்றே வாட்விஜி என்ற தனிக்கூட்டணி அமைத்தார்கள். அவர்களுடைய வெப் ஃபார்ம்ஸ் 2.0-ல் இருந்ததுதான் பிற்பாடு எச்.டி.எம்.எல்.5-க்குள் போனது, 2014 அக்டோபரில் டபிள்யூ3சி-யே அதை அதிகாரபூர்வத் தரமாக்கியது. கட்டாயம், வடிவம், ஈமெயில் வகை எல்லாம் இன்று எச்.டி.எம்.எல்.லில் ஒரு சொல்லில் முடிகிறது. நம்ம சொந்த விதிக்குச் சொந்தச் செய்தி வைக்கவும் வழி இருக்கு. இவ்வளவு வந்தும் ஓணான் ஓணான்தான். வழங்கிச் சோதனைக்கு விடுமுறை கிடையாது.

*

இதுவரை சொன்னது திருடன் போலீஸ் கதை. எனக்கு உறுத்துவது இன்னொரு பக்கம்.

எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷனுக்கு உண்மையான மருந்து, கட்டளையையும் தகவலையும் தனித்தனியா டேட்டாபேஸுக்கு அனுப்புவது. அப்படிச் செய்துவிட்டால் ஓ'பிரையன் தாராளமா மேற்கோள் குறியோடு இருக்கலாம். அதைச் செய்யாமல் பேரில் மேற்கோள் குறியே கூடாது என்று விதி எழுதுவது சுலபம். திருடன் வேறு கட்டத்தில் நுழைவான். ஓ'பிரையன் வாசலில் நிற்பார்.

ஓ'பிரையன் இருக்கட்டும், நம்ம முருகனைப் பாருங்க. ஏ-யிலிருந்து இசட் வரை மட்டும் என்ற விதியில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. 2018-ல் ஜாவாஸ்க்ரிப்டில் "எந்த மொழி எழுத்தும் சரி" என்று சொல்லும் வசதி வந்தது. அப்பாடா என்று அதை மட்டும் போட்டால், "முருகன்" மறுபடியும் தப்பு! ஏன்னா யூனிகோடில் உகரக் கொம்பும் புள்ளியும் "எழுத்து" வகை இல்லை, "குறி" வகை. குறியையும் சேர்த்துக்கோ என்று தனியாச் சொல்லணும். நமக்கு நாலு எழுத்து, உலாவியின் அளவுக் கட்டுப்பாட்டுக்கு ஏழு, யூடிஎஃப்-8-ல் சேமித்தால் 21 பைட்டு. பத்து எழுத்து போதும்னு முடிவு பண்ணவர் இதையெல்லாம் யோசிச்சிருப்பாரா?

இனிஷியல் கதையோ தனிப் புராணம். குடும்பப் பேர் என்ற வழக்கமே இல்லாத ஊரில், "கடைசிப் பெயர் கட்டாயம்" என்று நட்சத்திரம் போட்ட படிவங்கள். ஒருத்தர் அப்பா பேரைப் போடுவார், ஒருத்தர் ஊர் பேரை, ஒருத்தர் வெறும் புள்ளியை. கடவுச்சீட்டில் குடும்பப் பேர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்க பேர் குடும்பப் பேர் கட்டத்துக்குப் போய், சொந்தப் பேர் இருக்கவேண்டிய கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகும். "முதல் பெயர் தெரியவில்லை" என்று அர்த்தம். பேர் தெரிந்த ஆள் எதிரே நிற்கிறார், படிவத்துக்குத்தான் தெரியவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பேர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்று அறிவித்தது. அப்பா பேரோ குடும்பப் பேரோ கடவுச்சீட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் சரி என்று சில நாளில் விளக்கமும் வந்தது. நடுவில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தவங்களை நினைச்சுப் பாருங்க.

பேட்ரிக் மெக்கென்சி என்ற ஜப்பான்வாழ் அமெரிக்கர் 2010-ல், பெயர்களைப் பற்றிப் புரோகிராமர்கள் நம்புகிற தப்பான விஷயங்கள் என்று நாற்பது எழுதினார். முதல் பேர், கடைசிப் பேர் என்று எல்லாருக்கும் உண்டு என்பதும் அதில் ஒண்ணு. நமக்குப் புதுசா?

ஒரு விதி எழுதும்போது இது யாருக்காக என்று கேட்டுக்கொள்வது நல்லது. கை தவறி அடிக்கிறவருக்கு உதவி என்றால் உலாவியில் வைங்க. அன்பாச் சொல்லுங்க, அடித்ததை அழிக்காதீங்க, சந்தேகம்னா தடுக்காமல் "இது சரிதானா?" என்று கேளுங்க. திருட்டைத் தடுக்க என்றால் வழங்கியில் வைங்க, யாரையும் நம்பாதீங்க. ரெண்டுக்கும் உதவாத, நமக்குத் தெரிஞ்ச பேர் மாதிரி இல்லையே என்பதற்காக மட்டும் இருக்கிற விதி என்றால், அதை எடுத்துடுங்க. சிவப்பு எழுத்து பார்க்கிறவர் பாவம், தன் பேரில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொள்கிறார்.

கோணல் மாணலா எழுத்தைக் காட்டி "நீ மனுஷன்தானா?" என்று கேட்கிற கேப்சா கதை பாக்கி இருக்கு. அது இன்னொரு நாள்.